தைத்த குடமிளகாய்

பஞ்சண்ணனின் கட்டைவிரல் குடமிளகாயின் வயிற்றுக்குள் இருந்தது. அரிசி, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் கலந்த கலவையை ஒரு பிடி வைப்பார். மூலை மூலையாக அழுத்துவார். இன்னொரு பிடி வைத்து மறுபடியும் அழுத்துவார். இனி உள்ளே ஒரு பருக்கைக்கும் இடமில்லை என்று விரல் சொன்ன பிறகுதான் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தைக்கும் காலமெல்லாம் பஞ்சு அடைத்த விரல் அது. தளர்வாக அடைப்பது அதற்குப் பழக்கமில்லை.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தெருவில் யாருக்கும் அது வாயில் வராது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே எந்நேரமும் யாருடைய சோபாவாவது வயிறு கிழிந்து கிடக்கும். அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமையலறை. மகள் பள்ளியில் படிக்கும்போதே மனைவி இறந்துபோனாள். அதன் பிறகு பஞ்சண்ணன் ஒரே ஒரு சமையலைக் கற்றுக்கொண்டார். அரிசி, பருப்பு, கையில் அகப்பட்ட காய், உப்பு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு மூடிவிட்டுப் பட்டறைக்குப் போவார். ஒரு நாற்காலியின் பழைய உறையைக் கழற்றி முடித்து வரும்போது அது வெந்திருக்கும். பாதி நாள் அடிப்பிடித்தும் இருக்கும். மகள் அதைத் தின்றே வளர்ந்தாள், படித்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு, கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவனைக் காட்டி, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

பஞ்சண்ணன் மறுக்கவில்லை. ஆனால் ஆணி அடிக்கிற கையைத்தான் அவர் கை என்று மதிப்பார். தெரிந்தவர்களிடம், "பொண்ணை ஒரு கரண்டிக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். மருமகனோடு பேசுவது என்றால், கைபேசியை மகள் கொண்டுவந்து காதில் வைத்தால் உண்டு. "நல்லா இருக்கீங்களா? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான் பேச்சு.

இப்போது மகள் அப்பா வீட்டில் இருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் கடலில் இருக்கும்போது தனியாக இருக்க வேண்டாம் என்று இங்கே வந்தாள். மற்றவர்களுக்கு மூன்றாம் மாதத்தோடு நிற்கிற குமட்டல் அவளுக்கு நிற்கவில்லை. எண்ணெய் காயும் வாசனை வந்தால் ஓடுவாள். வெங்காயம் வதங்கினால் ஓடுவாள். அப்பாவின் பானை கொதித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். டீயும் ரஸ்க்கும்தான் ஆகாரம். இரத்தம் குறைவாக இருக்கிறவளுக்கு அதைவிடக் கெட்ட ஆகாரம் இல்லை. உள்ளே போகிற கொஞ்சம் இரும்புச்சத்தையும் டீ தடுத்துவிடும். இது தெரியாமல் பஞ்சண்ணன், பாவம், பார்த்துப் பார்த்து டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை சுகாதார நிலையத்தில் பரிசோதனை. நர்ஸம்மா மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. மாத்திரை போடறியா?"

"போட்டா வாந்தி வருதுங்க."

"வெறும் வயித்துல போட்டா வரத்தான் செய்யும். என்ன சாப்பிடறே?"

பஞ்சண்ணன் முந்திக்கொண்டு, "ரஸ்க் சாப்பிடுதுங்க. டீ குடிக்குது. நல்லா திக்கா போட்டுத் தர்றேன்" என்றார்.

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டீக்கடையா வச்சிருக்கீங்க? ஐயா, கேட்டுக்கங்க. கீரை, பருப்பு, முட்டை வேணும். அதோட எலுமிச்சையோ தக்காளியோ குடமிளகாயோ ஏதாவது ஒண்ணு சேரணும். அப்பதான் சத்து உடம்புல ஒட்டும். சாப்பாட்டோட டீ கூடாது. காயை நல்லா கழுவுங்க. முட்டை கெட்டியா வெந்திருக்கணும். அரைவேக்காடு மட்டும் இந்த நேரத்துல ஆகவே ஆகாது."

பிறகு மகளிடம் திரும்பினாள். "இன்னைக்கு ராத்திரி ஒரு வேளை உருப்படியா சாப்பிடு. அது உள்ளே தங்கணும். நாளைக்குக் காலையில வந்து என்கிட்டச் சொல்லு. தங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்துடுவேன். அங்க படுக்க வச்சு, ஊசி வழியா சத்து ஏத்துவாங்க. பயமுறுத்தலைம்மா. வேற வழி இல்லை."

வெளியே வந்து பாதித் தெரு நடந்த பிறகு மகள், "அந்த வார்டுக்கு நான் போக மாட்டேன்பா" என்றாள்.

எந்த வார்டு என்று அவர் கேட்கவில்லை. போன தடவை ஆறாம் மாதத்தில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், வெறுங்கையோடு அழைத்து வந்ததும் அவர்தான். அதில் ஆஸ்பத்திரியின் மேல் ஒரு தப்பும் இல்லை. முடிந்ததெல்லாம் செய்தார்கள். ஆனால் யார் மேல் தப்பு என்று விசாரித்துவிட்டா பயம் வரும்? அந்தப் பச்சைத் திரையும் மருந்து நெடியும் நினைவுக்கு வந்தாலே மகளின் கை சில்லிட்டுப்போகும். இன்று சாப்பிட்டாக வேண்டும், அது தங்கியாக வேண்டும். இல்லையென்றால் நாளை அந்தத் திரைக்குப் பின்னால் படுக்க வேண்டும். இது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காய்கறிக் கடையைத் தாண்டும்போது மகள் நின்றாள். ஒரு குடமிளகாயை எடுத்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"இது ஒண்ணுதான்பா குமட்டலை."

பஞ்சண்ணன் நான்கு வாங்கினார். நான்கும் குண்டு.

வாங்கிவிட்டாரே தவிர, அவருக்குக் குடமிளகாயைப் பானையில் போட்டுக் குழைக்கத்தான் தெரியும். அந்தப் பானை கொதித்தாலே மகள் ஓடுவாள். சமையலறையில் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு கைபேசியை எடுத்து, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகத் தாமாகவே மருமகனைக் கூப்பிட்டார். நல்லவேளை, கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

"மாமா? என்ன மாமா? அவளுக்கு என்ன ஆச்சு?" மருமகன் பதறினான்.

"ஒண்ணும் ஆகலை மாப்பிள்ளை. குடமிளகாய்க்குள்ள என்ன வைக்கணும்?"

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"இப்படிக் கூப்பிட்டா என் உயிர் போகாதா மாமா? சரி, சொல்றேன். வதக்காதீங்க, தாளிக்காதீங்க. வாசனைக்கு ஓடிடுவா. அரிசியையும் பருப்பையும் தனியா முக்கால் பதத்துக்கு வேக வச்சு ஆற விடுங்க. கீரையைப் பொடியா நறுக்கிக்கங்க. முட்டை ரெண்டு, கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி, உப்பு. எல்லாத்தையும் கலந்து மிளகாய்க்குள்ள வச்சு, ஆவியில மூடி போட்டு வேக வைங்க. வாசனை உள்ளேயே நிக்கும். ஆனா மாமா, முக்கால் அளவுதான் வைக்கணும். அழுத்தாதீங்க. உள்ளே ஊதும், சூடும் நடுவுக்குப் போகணும்."

"சரி சரி, வச்சிடறேன்."

அரிசியும் பருப்பும் சொன்ன பதத்தில் இறங்கின. கீரையை மும்முறை அலசினார். கதவையும் சன்னலையும் திறந்து வைத்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முக்கால் அளவு என்ற இடத்தில்தான் கை நின்றது. கப்பல் ஆடும், ஆடுகிற இடத்தில் சமைப்பவன் சிந்திவிடும் என்று பயந்து குறைவாக வைப்பான், இந்த வீட்டுத் தரை ஆடவில்லையே என்று நினைத்தார். பாதி அடைத்த மெத்தையில் எவன் உட்காருவான்? மகள் ஒன்று சாப்பிட்டாலும் அந்த ஒன்றுக்குள் முழுச் சாப்பாடும் இருக்க வேண்டாமா? அப்படித்தான் கட்டைவிரலை இறக்கினார்.

அடைத்து முடித்ததும் இன்னொரு சங்கடம் வந்தது. காம்போடு வெட்டிய மேல்துண்டை மூடியாக வைத்தால் அது நிற்கவில்லை. கலவை அதைத் தூக்கியது. பஞ்சண்ணன் பட்டறைக்குப் போய், சோபாவின் ஓரம் தைக்கிற வளைந்த ஊசியைக் கொண்டுவந்தார். அதைக் கொதிநீரில் போட்டெடுத்து, இன்னும் பிரிக்காத புது நூற்கண்டிலிருந்து வெள்ளை நூலைக் கோத்து, நான்கு மூடிகளையும் சுற்றிலும் தைத்தார். தையல் வரிசை பிசகாமல் வந்தது. பார்க்க அவருக்கே நிறைவாக இருந்தது.

முன்னறையில் மகள், யாரோ ஒருவருடைய பாதி முடிந்த சோபாவில் கால் நீட்டிக் கிடந்தாள். அடுப்பில் ஆவி ஏறி வெகுநேரமான பிறகு எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தாள். பஞ்சண்ணன் பதறி விசிறியை எடுத்தார்.

"விசிறாதீங்க. வாசனை நல்லாத்தான் இருக்கு. பச்சையா, மழை பெஞ்ச மாதிரி."

தட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். மகள் குனிந்து பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு நூலை விரலால் தொட்டாள்.

"அப்பா, இது என்ன, தையலா?"

"மூடி நிக்கலை."

"ஜிப் வைக்கலையா? துவைக்கணும்னா கழட்டிக்கலாமே."

சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பஞ்சண்ணன் மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டே, முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். ஒரு பிசிறு விடாமல் உருவி எடுத்தார்.

மகள் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். மென்றாள், விழுங்கினாள். பஞ்சண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள். இரண்டாவது கரண்டியும் ஓரத்திலிருந்துதான். அதுவும் போயிற்று. மூன்றாவதுக்குக் கரண்டியை நடுவில் இறக்கினாள். கலவை பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியிலிருந்து மஞ்சளாக, வழுவழுப்பாக ஏதோ கசிந்து தட்டில் இறங்கியது.

"இரு. கையை எடு."

"என்னப்பா?"

"முட்டை வேகலை. வைம்மா."

"ஓரமா சாப்பிட்டுக்கறேன். எனக்குப் பசிக்குதுப்பா."

பசிக்குது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை நாளும் காத்திருந்தார். அது வந்த நேரத்தைப் பாருங்கள். ஒரு நொடி அவர் கை தயங்கியது. ஓரம் வெந்துதானே இருக்கிறது, இன்னும் நாலு கரண்டி போகட்டுமே என்று மனம் சொன்னது. ஆனால் மஞ்சள் இப்போது தட்டு முழுவதும் பரவிவிட்டது. அவர் தட்டைப் பிடித்தார். மகள் விடவில்லை. அவர் இழுத்து வாங்கிக்கொண்டார்.

மகளுக்கு முதலில் கோபம் வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

"இத்தனை நாளா சாப்பிடு சாப்பிடுன்னு உயிரை எடுத்தீங்க. இப்ப சாப்பிடறேன்னா பிடுங்கறீங்க. நாளைக்கு அங்க போய்ப் படுக்கணும்னா நேராவே சொல்லுங்க."

பஞ்சண்ணன் பானையின் மூடியைத் திறந்தார். மிச்சமிருந்த மூன்றின் கதியும் அதுதான். உள்ளே ஊதிய கலவை வெளியே வர வழி தேட, நூல் வெந்த சதையை அறுத்து, ஒவ்வொன்றும் பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. வெளியே குழைந்திருந்தது, நடு மட்டும் வேகாமல் கல் மாதிரி இறுகியிருந்தது. அடைக்கிற இடத்தில் அவர் கை தப்பு செய்தது அவருக்குத் தெரிந்து இதுவே முதல் தடவை.

அவர் மறுபடியும் கைபேசியை எடுத்து, நடு வேகாததை மருமகனிடம் சொன்னார்.

"அழுத்தினீங்களா மாமா?"

"கொஞ்சம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிக் கைபேசியைப் பிடுங்கினாள். "கொஞ்சமா? தையல் போட்டிருக்காருங்க. சுத்தித் தையல். நல்லவேளை, ஆணி அடிக்கலை."

கப்பலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மருமகன் பக்கத்தில் யாரையோ அதட்டிவிட்டு, "நீ எவ்வளவு சாப்பிட்டே?" என்றான்.

"ரெண்டு கரண்டி. ஓரத்துல இருந்து. அது வெந்துதான் இருந்துச்சு."

"அப்ப பயமில்லை. பசி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு தக்காளியைக் கழுவி, உப்பு தொட்டுக் கடிச்சுக்கிட்டு இரு. பசி ஓடிடாம பிடிச்சு வை. அப்பாகிட்டக் குடு." பஞ்சண்ணன் கைபேசியைக் காதில் வைத்தார். "மாமா, உள்ளே இருக்கிறது எல்லாத்தையும் வழிச்சு எடுங்க. கட்டி ஒண்ணுகூட இல்லாம உடைச்சு, அகலமான சட்டியில மெல்லிசா பரப்புங்க. எண்ணெய் வேண்டாம், தண்ணி தெளிச்சு மூடி போட்டு வேக வைங்க. நடுவுல ஒரு தடவை பிரட்டி விடுங்க. ஈரம் போயி உதிரியா வரணும். அப்புறம் மிளகாயைத் தட்டு மாதிரி விரிச்சு மேல வைங்க. அவ்வளவுதான்."

"சரி மாப்பிள்ளை." வைக்கப் போனவர் நிறுத்தினார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"நாப்பது பேருக்குப் போட்டுட்டுத்தான் மாமா சாப்பிடணும்" என்றான் மருமகன். இந்தக் கேள்விக்கு அவன் தயாராக இல்லை என்பது குரலில் தெரிந்தது.

பஞ்சண்ணன் கலவையை அகன்ற சட்டியில் கொட்டி முள்கரண்டியை எடுத்தார். பழைய மெத்தையைப் பிரித்தால் பஞ்சு கட்டி கட்டியாகத்தான் இருக்கும். அதை விரலால் பிய்த்துப் பிய்த்து, காற்று நுழைகிற அளவுக்கு உதிர்த்த பிறகுதான் மறுபடி அடைப்பார்கள். அந்த வேலையும் அவருக்குத் தெரிந்ததுதானே. கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். சட்டி முழுக்கச் சன்னமாகப் பரப்பினார். தண்ணீர் தெளித்து மூடினார். திறந்தார், பிரட்டினார், ஒரு துணுக்கை எடுத்து விளக்கின் கீழ் நசுக்கிப் பார்த்தார். ஈரம் இருந்தது. மறுபடி மூடினார்.

"ஆச்சாப்பா?" முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஆகுது."

"தக்காளி தீர்ந்துடுச்சு."

"இன்னொண்ணு எடுத்துக்க."

அவர் தட்டைக் கொண்டுபோகும்போது மகள் இரண்டாவது தக்காளியின் காம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கிழிந்த குடமிளகாய் விரிந்து கிடந்தது. அதன் மேல் ஈரம் போய் உதிரி உதிரியாக வெந்த கலவையைப் போட்டு எலுமிச்சை பிழிந்திருந்தார். பார்வைக்கு லட்சணமாக இல்லைதான். மகள் முதலில் ஒரு துணுக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு பேச்சே இல்லை. ஒரு மிளகாய் முழுதும் போயிற்று. இரண்டாவதில் பாதியைத் தொட்டுவிட்டு, "போதும். இதுக்கு மேல போனா திரும்பி வரும்" என்றாள்.

அதுவும் நல்ல புத்தி. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று திணித்துத்தான் பலபேர் சாப்பிட்டதையும் வெளியே வரவைக்கிறார்கள். பஞ்சண்ணனின் கை தட்டை நோக்கிப் போனது. ஆனால் அவர் திணிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டார்.

"ஒரு வாய் டீ."

"டீ கிடையாது."

"அரை டம்ளர்."

"நர்ஸம்மா என்னை டீக்கடைக்காரனான்னு கேட்டுட்டா. தண்ணி குடி."

சற்று நேரத்துக்கெல்லாம் மகள் எழுந்து பின்பக்கம் போனாள். பஞ்சண்ணன் கையிலிருந்த சட்டியோடு அப்படியே நின்றார். குழாய்ச் சத்தம் கேட்டது. வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன சிலை மாதிரி நிக்கறீங்க? பல்லுல கீரை மாட்டிக்கிச்சு" என்றாள். பிறகு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். சாப்பிட்டது தங்கியது.

மறுநாள் காலை வழக்கம்போல வெறும் வயிற்றோடு இல்லாமல், மகள் ஒரு ரொட்டித் துண்டு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள். நர்ஸம்மா இமையை இழுத்துப் பார்த்தாள். நேற்றைப் போலத்தான் வெளுத்திருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் யாருக்கும் இரத்தம் ஊறிவிடாது.

"சாப்பிட்டியா?"

"ஒண்ணரைக் குடமிளகாய். உள்ளே பருப்பு, கீரை, முட்டை."

"முட்டை வெந்திருந்துச்சா?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் தடவை வெந்துச்சு" என்றாள்.

நர்ஸம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. தங்கியதா என்று மட்டும் கேட்டாள். தங்கியது என்றதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத எடுத்த தாளைத் திரும்ப மேசைக்குள் வைத்தாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைத் தண்ணீரோடு போடச் சொன்னாள்.

"அடுத்த வாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். ஏறலைன்னா அனுப்பத்தான் செய்வேன். இப்பவே சொல்லிட்டேன்."

மகள் சேலை முந்தியைச் சரிசெய்துகொண்டாள். "ஏறலைன்னா போறேன்" என்றாள் பிறகு. "அப்பா கூட வந்து இருக்கட்டும்."

"இருக்கட்டும். டீ மட்டும் கொண்டு வர வேண்டாம்" என்றாள் நர்ஸம்மா.

திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் பஞ்சண்ணன் குண்டானவற்றை ஒதுக்கிவிட்டு, சின்னதாக, தட்டில் வைத்தால் சாயாமல் நிற்கிறவையாகப் பார்த்து எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. சோபாக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அரிசியையும் பருப்பையும் முக்கால் பதத்தில் இறக்கி, தட்டில் பரப்பி ஆறப் போட்டார். முட்டைகளைத் தனியாகக் கொதிக்க வைத்து, உரித்து, ஒன்றைக் குறுக்கே வெட்டி நடுவைப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. மற்றவற்றையும் பொடியாக நறுக்கினார். எல்லாவற்றையும் கலந்து ஒவ்வொரு மிளகாயிலும் முக்கால் அளவே போட்டு, கட்டைவிரலை வெளியே வைத்துக்கொண்டார்.